சின்ன ரூமும் என் காயின் ஷீட்டும்

கதவு உள்ள ஒரு ரூம் எனக்கு வேண்டும். இதுதான் என் வாழ்க்கை லட்சியம். சிரிக்காதீர்கள். வீட்டில் உங்களுக்கென்று ஒரு கதவு இருந்தால் மட்டும் சிரிக்கலாம்.

எங்கள் வீட்டில் ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. அப்புறம் பின்பக்கம் ஒரு சின்ன ரூம், எட்டடிக்கு ஏழடி. பல வருஷமாக அதில் கைப்பிடி இல்லாத சூட்கேஸ்களும் சுற்றாத மின்விசிறியும் குடியிருந்தன. ஒருநாள் ரோஷம் வந்து எல்லாவற்றையும் பழைய சாமான்காரரிடம் தள்ளிவிட்டேன். ரூம் காலியானது. காலியான மறு நிமிஷமே சண்டை ஆரம்பமானது.

என் மனைவி வீட்டிலேயே துணி ஆல்டரேஷன் செய்கிறாள். வாங்கிய உடுப்பு லூசாக இருந்தால் பிடித்துக் கொடுப்பாள், டைட்டாக இருந்தால் பிரித்துக் கொடுப்பாள். மிஷின் ஹாலில். சோபா முழுக்க யாரோ ஒருவருடைய பேன்ட். சாப்பாட்டு மேஜை மேல் யாரோ ஒருவருடைய கோட். நான் எங்கே உட்கார்ந்தாலும் ஒரு குண்டூசியோடுதான் எழுந்திருப்பேன்.

"அந்த ரூம்ல மிஷினைப் போட்டுக்கறேங்க. ஹாலை நீங்க வெச்சுக்குங்க."

"ஹாலுக்குக் கதவு இல்லையே."

"கதவை வெச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"மூடப் போறேன்."

"மூடிட்டு?"

இந்த 'மூடிட்டு?' என்ற கேள்விக்கு உலகத்தில் எந்தப் புருஷனிடமும் பதில் கிடையாது. சும்மா உட்காரப் போகிறேன் என்றேன். "சும்மா உட்கார ஒரு ரூமா? அதைத்தான் வீடு பூரா பண்றீங்களே" என்றாள்.

மானம் போய்விட்டது. அப்போதுதான் அந்தப் பந்தயத்தை நானே வாயைக் கொடுத்து வாங்கிக்கொண்டேன். எனக்கு போனஸ் வந்திருந்தது. அவளிடம் தையல் சேமிப்பு இருந்தது.

"ஆளுக்கு ஒரே தொகை எடுப்போம். ஆறு மாசம். யார் கையில அதிகமா நிக்குதோ, ரூம் அவங்களுக்கு."

"நீங்க எதுல போடப் போறீங்க?"

"கிரிப்டோல."

"அப்படீன்னா?"

கால் மணி நேரம் விளக்கினேன். முடிக்கும்போது எனக்கே கொஞ்சம் சந்தேகமாகிவிட்டது.

"அதாவது, கண்ணுக்குத் தெரியாத காசு?"

"ஆமா."

"அது உங்ககிட்ட ஏற்கெனவே நிறைய இருக்கேங்க."

நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "நீ எதுல போடப் போறே, அதைச் சொல்லு."

"நான் பத்திரமா எதுலயாவது போட்டுக்கறேன்."

பாங்கில்தான் போடுவாள், ஆறு மாச வட்டியில் நாலு நூல்கண்டு வாங்குவாள் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். பாவம், அப்பாவி! நான் என்னைச் சொல்கிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நான் தண்ணீர் பம்ப் தயாரிக்கும் ஆலையில் ஸ்டோர் கீப்பர். என் கையெழுத்து இல்லாமல் ஒரு வாஷர்கூட வெளியே போகாது. ஸ்டோரில் ஒரே சட்டம்தான்: காரணம் எழுதாத சீட்டுக்குப் பொருள் கிடையாது. 'பேரிங் இரண்டு, காரணம்: பழசு கத்துகிறது.' இப்படி எழுத வேண்டும். மேனேஜரே ஒரு தடவை காரணம் எழுதாமல் பல்பு கேட்டார். இருட்டில் உட்கார்ந்து காரணம் எழுதிக்கொண்டு வந்தார். அப்பேர்ப்பட்ட நான் கணக்கு இல்லாமல் காயின் வாங்குவேனா?

காயினை எனக்கு அறிமுகப்படுத்தியவர் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர். "ஒரு சிம்பிள் ஷீட் போட்டுக்குங்க சார். என்ன விலைக்கு வாங்கினோம், இன்னிக்கு என்ன விலை, லாபமா நஷ்டமா. அவ்வளவுதான் மேட்டர்" என்றார். எனக்கு ஷீட் உண்டாக்கத் தெரியாது, ஃபார்முலா சுத்தமாகத் தெரியாது. ஆனால் என் மனைவியின் ஆர்டர் ஷீட் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஃபார்முலாவோடு லட்சணமாக இருந்தது. அதை அப்படியே ஒரு காப்பி எடுத்தேன். காப்பி எடுக்கும்போது கம்ப்யூட்டர் ஏதோ ஒரு கேள்வி கேட்டது. நான் எந்தக் கேள்விக்கும் 'சரி' தட்டுகிறவன். பத்தொன்பது வருஷக் கல்யாண வாழ்க்கையில் வந்த பழக்கம்.

தலைப்புகளை மாற்றப் போனேன். ஒரு கட்டத்தை அழித்தால் எல்லாக் கட்டமும் தப்பு, தப்பு என்று கத்தியது. போய்த் தொலை என்று அவள் தலைப்புகளையே வைத்துக்கொண்டேன். 'கஸ்டமர் பெயர்' என்ற இடத்தில் காயின் பெயர். 'துணி இடுப்பு' என்பது வாங்கிய விலை. 'ஆள் இடுப்பு' என்பது இன்றைய விலை. துணியைவிட ஆள் ஒல்லியாக இருந்தால் 'பிடிக்க வேண்டியது' என்ற கட்டத்தில் தானாக ஒரு எண் விழும். அது என் நஷ்டம். ஆள் பருமனாக இருந்தால் 'பிரிக்க வேண்டியது' என்ற கட்டத்தில் விழும். அது என் லாபம்.

ஆறு மாசத்தில் அந்தப் 'பிரிக்க வேண்டியது' கட்டத்தில் ஒரு எண்கூட விழவில்லை. என் கஸ்டமர்கள் எல்லோரும் இளைத்துக்கொண்டே போனார்கள்.

கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. ஸ்டோர் கீப்பர் கை சும்மா இருக்குமா? ஒவ்வொரு வரிக்கும் காரணம் எழுதினேன். 'ஒட்டகச்சிவிங்கி காயின். வாங்கினேன். காரணம்: நிச்சயம் ஏறும், டாக்டர் பல் பிடுங்கிக்கொண்டே சொன்னார்.' நாலு வாரம் கழித்து: 'ஒட்டகச்சிவிங்கி. விற்றேன். காரணம்: இனி எழுந்திருக்காது. வயிற்றைக் கலக்குகிறது.' விற்ற மூன்றாம் நாள் ஒட்டகச்சிவிங்கி கழுத்தை நீட்டிக்கொண்டு மேலே போனது. பதறிப்போய்த் திரும்ப வாங்கினேன். 'காரணம்: இனி இறங்கவே இறங்காது.' அன்று சாயங்காலமே படுத்துவிட்டது. மறுபடியும் விற்றுத் தலைமுழுகினேன்.

டாக்டரிடம் போய்க் கத்தினேன்.

"என்ன டாக்டர், நான் வித்தா ஏறுது, வாங்கினா இறங்குது!"

"மார்க்கெட் சார். யாரைப் பார்த்தும் நடக்காது."

"இல்ல டாக்டர். எவனோ ஒருத்தன் என்னையே பார்த்துக்கிட்டு இருக்கான். நான் விக்கறதுக்காகவே காத்துக்கிட்டு இருக்கான்."

"பிரஷர் செக் பண்ணிக்குங்க சார்."

வீட்டில் இவள் ஒருத்தி. எனக்கு எரிகிற நாளிலெல்லாம் அவள் ரொம்பச் சந்தோஷமாக இருப்பாள்.

"என்னங்க, முகம் வாடியிருக்கு? காயின் எப்படி?"

"பிரமாதம். உன் பாங்க் வட்டி எப்படி?"

"ஏதோ போகுதுங்க, உங்க புண்ணியத்துல."

"என் புண்ணியம் எங்கே வந்துது?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேங்க."

அந்த வாரம் புதுக் கத்தரிக்கோல் வாங்கினாள். அடுத்த மாதம் மிஷினுக்கு மோட்டார் மாட்டினாள். ஆல்டரேஷனில் நல்ல சீசன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஊரில் இத்தனை பேர் திடீரென்று இளைத்துவிட்டார்களா என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. என் புத்தியை எதால் அடிப்பது?

ஆறு மாசம் முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேஜை மேல் இருந்த கோட்டுகளை ஒதுக்கிவிட்டு எதிரெதிரே உட்கார்ந்தோம். என்னிடம் போட்டதில் பாதிகூட இல்லை. இருந்தாலும் கெத்தை விடவில்லை.

"மார்க்கெட் எல்லாருக்குமே மோசம். சரி, உன் பாங்க் வட்டியைச் சொல்லு."

அவள் போனை என் பக்கம் திருப்பினாள். போட்டதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதுவும் பாங்க் இல்லை. ஒட்டகச்சிவிங்கி! என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

"அடிப்பாவி! இது என் காயின்!"

"நீங்க வித்துட்டீங்களே."

"நான் வித்தது உனக்கு எப்படித் தெரியும்?"

"என் ஆர்டர் லிஸ்ட் பக்கத்துலயே உங்க ஷீட்டும் வந்து நின்னுச்சுங்க. காப்பி எடுக்கறப்ப எனக்கும் ஷேர் பண்ணியிருக்கீங்க. 'ஒட்டகச்சிவிங்கி'ன்னு புதுசா ஒரு கஸ்டமர். துணி இடுப்பு நாப்பத்திரெண்டு, ஆள் இடுப்பு பதினொண்ணு. யாருடா இவ்வளவு நோஞ்சான்னு பதறிப் போயிட்டேன். அப்புறம் குறிப்பைப் படிச்சேன். எல்லாம் புரிஞ்சுடுச்சு."

"என்ன புரிஞ்சுது?"

"'நிச்சயம்'னு எழுதினா இறங்குது. 'வயித்தைக் கலக்குது'ன்னு எழுதினா ஏறுது. நீங்க வித்த அன்னிக்கு நான் வாங்குவேன். நீங்க ஓடிப்போய் வாங்கற அன்னிக்கு நான் வித்துடுவேன். ஒரு நாள்கூட தப்பலைங்க. அவ்வளவு ஒழுங்கா காரணம் எழுதியிருக்கீங்க."

எனக்காகக் காத்துக்கொண்டிருந்த அந்த எவனோ ஒருத்தன்தான் எனக்கு ஆறு மாசமாகச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்திருக்கிறான்!

"இது மோசடி! பத்திரமா எதுலயாவது போடறேன்னுதானே சொன்னே?"

"பத்திரமாத்தாங்க போட்டேன். உங்களுக்கு எதிரா போடறதைவிடப் பத்திரம் வேற எதுங்க?"

நான் எழுந்து போய் அந்தச் சின்ன ரூமின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நல்ல கதவு. உள்பக்கம் தாழ்ப்பாள்கூட இருந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அந்தத் தாழ்ப்பாளை இரண்டு தடவை போட்டுப் போட்டு எடுத்துப் பார்த்தேன். ஸ்டோரிலும் கம்பி வலைக்குப் பின்னால் எல்லோரும் பார்க்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன், வீட்டிலும் அடுத்தவர் பேன்ட்டுகளுக்கு நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு மனுஷன் ஒரு கதவை மூட ஆசைப்படுவது அவ்வளவு பெரிய தப்பா?

அவளுக்கே பாவமாகப் போயிருக்க வேண்டும்.

"சரி சரி, மூஞ்சியை அப்படி வெச்சுக்காதீங்க. ஒரு வாரம் தரேன். பழசை விட்டுடுவோம். இன்னிக்கு உங்ககிட்ட இருக்கறது அடுத்த ஞாயித்துக்கிழமை ஒத்தக் காசு ஏறியிருந்தாலும் போதும், ரூம் உங்களுக்குத்தான்."

"நிஜமா?"

"நிஜமா. ஆனா ஷீட்ல எழுதணும். பழக்கத்தை விடக்கூடாது பாருங்க."

இந்த இடத்தில்தான் என் மூளை முதல் தடவையாக வேலை செய்தது. இவள் ஜெயித்த வித்தை என்ன? என் புத்திக்கு நேர் எதிராகப் போனாள். அதை நானே செய்தால்? என் புத்தி என்னிடம்தானே இருக்கிறது! அவளைவிட எனக்கு அது பக்கமாயிற்றே!

என் கையில் மிச்சமிருந்தது நத்தை காயின் ஒன்றுதான். செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஸ்டோரில் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு, கண்ணையும் மூடி, என் மனசைக் கேட்டேன். நத்தை ஏறும் என்றது மனசு. உடனே மொத்தமாக விற்றேன். ராக்கெட் காயின் என்று ஒன்று இருந்தது. அது எப்படி என்று கேட்டேன். அய்யோ, அது விழப்போகிறது, கிட்டேயே போகாதே என்று கதறியது மனசு. இருந்த காசையெல்லாம் அதில் போட்டேன். பேரிங் வாங்க வந்த ஃபிட்டர், நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டார்.

ஷீட்டில் நாணயமாக எழுதினேன். 'நத்தை. விற்றேன். காரணம்: ஏறும் என்று மனசு சொல்கிறது. ராக்கெட். வாங்கினேன். காரணம்: விழும் என்று மனசு சொல்கிறது.' படித்துக் குழம்பட்டும் என்றுதான் எழுதினேன்.

அந்த வாரம் முழுக்க விலையைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் வயிறு கலங்கும், கலங்கினால் ஏதாவது செய்துவிடுவேன். சனிக்கிழமை ஒரு சாய்வு நாற்காலி விலைகூட விசாரித்துவிட்டு வந்தேன். ரூமுக்குள் எந்த மூலையில் போடுவது என்பது வரை முடிவு செய்தாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை போனைத் திறந்தேன்.

நத்தை ஓடியிருந்தது. அப்படி ஒரு ஓட்டம். ராக்கெட் தரையில் மூக்கு குத்திக் கிடந்தது. ஆறு மாசத்தில் முதல் தடவையாக என் மனசு சொன்னது சரி. ஒன்றல்ல, இரண்டும் சரி! நான் மட்டும்தான் அந்தப் பக்கம் இல்லை.

தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஒரே ஒரு ஆறுதல் தோன்றியது. நான் மாட்டிக்கொண்டால் என்ன, இவளும் மாட்டியிருப்பாளே! என் புத்திக்கு எதிராகப் போகிறவள் நத்தையை எப்படி வாங்கியிருப்பாள்? ஆசையாக எழுந்து போனேன். சின்ன ரூமுக்குள் டேப்பை விரித்து மிஷினுக்கு இடம் அளந்துகொண்டிருந்தாள்.

"இந்த வாரம் உனக்கும் நஷ்டம்தானே? என் மனசு சொன்னது பலிச்சுடுச்சு. அதுக்கு எதிரா போயிருப்பியே!"

அவள் டேப்பைச் சுருட்டியபடி போனை நீட்டினாள். உள்ளே நத்தை கொழுத்துப் போயிருந்தது.

"உங்க மனசுக்கு எதிரா நான் எப்பங்க போனேன்? உங்க கைக்கு எதிராத்தான் போறேன்."