ஒரு தாழ்ப்பாளை மட்டும் எடுக்கச் சொல்லி மாமனாருக்கு

பிரேசர் டவுன், பெங்களூர்
30.10.1999

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மூத்த மாப்பிள்ளை வெங்கடசாமி வணக்கத்துடன் எழுதுவது. வேலூரில் தாங்களும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. வனஜா சுகம், பிள்ளைகள் சுகம். மேற்கொண்டு எதுவும் எனக்குத் தெளிவாக இல்லை. போனில் சொல்லியிருக்கலாம்; ஆனால் உங்கள் மகள் பக்கத்திலேயே நின்று, நான் சொல்வதற்கெல்லாம் "அப்படி இல்லப்பா" என்று திருத்துவாள். ஆகவே கடிதம்.

விஷயம் உங்கள் இளைய மாப்பிள்ளை அசோகனைப் பற்றியது. நீங்கள் கேட்டுக்கொண்டீர்கள் என்பதற்காக அவருடைய பயோடேட்டாவை என் கம்பெனியில் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். அதன் பலனாக ஜன்னலோர இடம் அவருக்கு, கழிப்பறைக் கதவோர இடம் எனக்கு. போகட்டும். உங்கள் அறுபதாம் கல்யாணத்து குரூப் போட்டோவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உங்கள் வலப்பக்க நாற்காலி காலி. நான் பார்த்தேன், காலி. அவரும் பார்த்தார், காலி. பார்த்ததற்கும் உட்கார்ந்ததற்கும் நடுவே இருந்த இமைப்பொழுதில் என்ன நடந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. மூத்த மாப்பிள்ளை இளைய மாப்பிள்ளையின் மடியில் அமர்ந்திருக்கும் அந்தப் படம் உங்கள் கூடத்தில் இன்னும் மாட்டியிருக்கிறது. கழற்றும்படி பலமுறை ஜாடையாகச் சொல்லியும் பயனில்லை. அன்றிலிருந்து அவரும் நானும் பேசுவதில்லை. கம்பெனி பஸ்ஸில் அவர் முன்னால், நான் பின்னால்.

பேசாத இருவரையும் ஒரே வேலையில் போட்டிருக்கிறார்கள். கம்ப்யூட்டருக்குள்ளே தகவலைச் சேமிக்கும் தட்டு ஒன்று உண்டு. அதில் எதை எங்கே எழுது, எங்கிருந்து படி என்று சொல்லும் மென்பொருளை நாங்கள் செய்கிறோம். வேலைகளை வரிசையில் வைப்பது அவருடைய பாதி. தட்டு வேலையை முடித்ததும் கணக்கை நேர்செய்வது என் பாதி. இருவரும் எழுதுவது ஒரே வரிசையில்தான். எப்போதாவது ஒரு தடவை, ஒருவருடைய கோப்பில் இன்னொருவருடைய விவரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஏன்? தெரியாது. எங்கே தப்பு என்று பார்க்க, என் பாதியில் ஒவ்வொரு படியிலும் ஒரு வரி அச்சாகும்படி செய்தேன். தப்பு மறைந்துவிட்டது! அந்த வரிகளை எடுத்தேன்; திரும்ப வந்துவிட்டது. நான் பார்த்துக்கொண்டிருந்தால் ஒழுங்காக இருக்கிறது, திரும்பிக்கொண்டால் அக்கிரமம் செய்கிறது. இத்தனை வருடம் படித்த படிப்பில் இப்படி ஒரு நடத்தையை நான் மனிதர்களிடம்தான் பார்த்திருக்கிறேன். ஆயுத பூஜையன்று யாரோ மெஷினில் அப்பிய குங்குமம் உள்ளே போயிருக்கும் என்று சந்தேகப்பட்டேன். கேபிளை மாற்றச் சொன்னேன், ஏசியைக் கூட்டச் சொன்னேன். மெயின்டனன்ஸ் ஓஸ்வால்ட் கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்: "சார், கேபிள் மாத்தியாச்சு, பிளக் மாத்தியாச்சு. இனி என்னை மாத்தினாத்தான் உண்டு."

அப்புறம்தான் ஒரு நாள் பஸ்ஸில் அசோகனின் பின்மண்டையைப் பார்த்துக்கொண்டே வரும்போது எனக்கு உறைத்தது. வரிசையில் ஓர் இடம் காலி என்று அவர் பாதி பார்க்கிறது; அதே கணம் என் பாதியும் பார்க்கிறது; இரண்டும் உட்காருகின்றன. அச்சடிக்கிற வரிகள் என் பாதியைத் தாமதப்படுத்தியதால்தான் மோதல் இல்லை. மருந்து எளிது: வரிசைக்கு ஒரு தாழ்ப்பாள். ஒருவர் உள்ளே போனால் தாழ் போட வேண்டும், மற்றவர் வெளியே காத்திருக்க வேண்டும். யாரிடமும் சொல்லாமல் என் பாதியில் தாழ்ப்பாளைப் போட்டேன். அவருக்கும் அதே நாள் அதே ஞானோதயம். யாரிடமும் சொல்லாமல் தன் பாதியில் தாழ்ப்பாளைப் போட்டார். விளைவு, அவர் பாதி உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டு, கணக்கை நேர்செய்ய என் பாதியைக் கூப்பிடுகிறது. என் பாதி வந்து, தாழ் திறக்கட்டும் என்று வாசலிலேயே நிற்கிறது. என் பாதி வரட்டும் என்று அவர் பாதி உள்ளே நிற்கிறது. மெஷின் அப்படியே உறைந்துபோனது. சரி, பெருந்தன்மையாக நடப்போம் என்று என்னுடையதை எடுத்தேன். அவரும் பெருந்தன்மையாகத் தன்னுடையதை எடுத்துவிட்டார்! பழைய தப்பு திரும்ப வந்தது. திரும்பப் போட்டேன், அவரும் போட்டார்.

எங்களுக்கு மேலே இருப்பவள் சுனிதா. என்னைவிட மிகவும் சின்னவள். மைசூர்க்காரி, தமிழ் நன்றாகப் பேசுவாள், திட்டவும் செய்வாள்.

"நோடி சார், இங்க பாருங்க, ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் எடுங்க. ஒருத்தர் மட்டும்!"

"யார் என்று நீயே சொல்லிவிடேன் அம்மா" என்றேன்.

"எதுக்கு? நான் யாரைச் சொன்னாலும் அவர் ரெண்டு நாள் லீவு போட்டுடறார். வெள்ளிக்கிழமை கஸ்டமர் வர்றாங்க. அன்னிக்கு ஓடலேன்னா ரெண்டு பேரும் கீழ் ஹாலுக்குப் போயிடுங்க."

மாமா, கீழ் ஹால் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாது. இரண்டாயிரம் வரப்போகிறது அல்லவா? பழைய புரோகிராம்களில் இரண்டு இலக்கமாக இருக்கும் வருடத்தை நான்கு இலக்கமாக்கும் வேலை அங்கே. காலையிலிருந்து சாயங்காலம் வரை பத்தொன்பது, பத்தொன்பது என்று தட்டிக்கொண்டிருக்க வேண்டும். இந்த வயதில், இந்தப் படிப்பை வைத்துக்கொண்டு, அதுவும் பக்கத்து நாற்காலியில் அசோகனோடு.

ஆகவே தாங்கள் செய்ய வேண்டியது ஒன்றே. அசோகனைப் போனில் கூப்பிட்டு, அவருடைய தாழ்ப்பாளை எடுத்துவிடச் சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். தங்களுக்கே தோன்றியதாகச் சொல்லுங்கள். அவரிடம் நான் ஒருநாளும் வாய் திறக்கப்போவதில்லை, இதில் மாற்றமில்லை. என்னை "வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அவரை "வாங்க மாப்பிள்ளை" என்று நீங்கள் வரவேற்பதையும் இங்கே குறிப்பிட நினைத்தேன், குறிப்பிடவில்லை.

அத்தைக்கு என் வணக்கம். முழங்கால் வலிக்கு வெந்நீர் ஒத்தடத்தை விடவேண்டாம். பிள்ளைகளுக்குத் தங்கள் ஆசி வேண்டும். எனக்கும் கொஞ்சம் மிஞ்சினால் நல்லது.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மூத்த மாப்பிள்ளை,
வெங்கடசாமி

பி.கு.: இதைத் தபாலாபீஸிலிருந்து எழுதுகிறேன். ஸ்பீட் போஸ்ட் கவுண்ட்டருக்கு வந்தால் மறுபக்கத்திலிருந்து அசோகனும் வருகிறார். அவர் கையிலும் ஒரு கவர், உங்கள் விலாசம். "நீங்க போங்க" என்றார். "இல்ல, நீங்க போங்க" என்றேன். "மூத்தவர் நீங்க, நீங்க போங்க." "அவசரம் உங்களுக்குத்தானே, நீங்க போங்க." கவுண்ட்டர்காரர் சலித்துப்போய்ப் பின்னால் நின்ற அம்மாளைக் கூப்பிட்டுக்கொண்டார். ஓரமாக நின்று பேசினோம். என்னுடையதை எடுப்பது, அவருடையது இருக்கட்டும் என்று முடிவாகிவிட்டது. எனவே மேலே கண்ட எதையும் தயவுசெய்து செய்ய வேண்டாம்; நீங்கள் சொன்னால் மரியாதைக்கு அவரும் எடுத்துத் தொலைப்பார். ஆனால் முதலில் வாய் திறந்தது அவர்தான் என்பதை மனதில் வையுங்கள். நான்தான் திறந்தேன் என்று அவர் தன் பின்குறிப்பில் எழுதப்போகிறார். அதற்காக என் பேனாவைக் கேட்டுப் பக்கத்தில் காத்திருக்கிறார். எனக்கு எழுத இன்னும் நிறைய இருக்கிறது.