வெர்னியர் அண்ணன் செய்த மோதிரம்

பிள்ளைகளே, இட்லியின் தடிமன் குறைகிறது என்று அளந்து காட்டி ஹோட்டல்காரரோடு சண்டை போட்டவர் ஓசூரிலேயே வெர்னியர் அண்ணன் ஒருவர்தான். கம்பெனியில் ஃபிட்டர். இரும்புத் தண்டுகளின் தடிமன் பார்க்கும் வெர்னியர் கருவி எப்போதும் அவர் சட்டைப்பையில் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டாயிரத்துச் சொச்சத்தில், மூக்கண்டப்பள்ளியில் நானும் அவரும் ஒரே அறையில் இருந்தோம்.

அவருக்குப் பாகலூர் கிரிஜா அக்காவைப் பேசினார்கள். "நிச்சயத்தன்னைக்கு மோதிரம் போடணும். இல்லாட்டி எங்க சனம் எழுந்து போயிடும்" என்று பெண்ணின் அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"கடையில வாங்கிடலாம்ணா" என்றேன்.

"கடை மோதிரம் யாரோ வெரலுக்குச் செஞ்சது தம்பி. இது கிரிஜா வெரலுக்கு."

பஸ் ஸ்டாப்பில் அக்காவின் மோதிர விரலின் அடிப்பக்கத்தை வெர்னியரால் கவ்விப் பிடித்தார்.

"ஏன்ரீ, பொண்ணு பாக்க வந்தீங்களா, போல்ட்டு பாக்க வந்தீங்களா?" என்று அக்கா கன்னடம் கலந்து கேட்டுச் சிரித்தார்.

பழைய இரும்புக் கடையில் ஓர் எவர்சில்வர் நட்டு வாங்கினார். மொட்டை மாடியில் கரி அடுப்பு. நட்டு சாயங்காலச் சூரியனைப்போலச் சிவந்ததும், கூம்பான கம்பியில் மாட்டித் தட்டினார். ஆறு மூலையும் மெல்ல மெல்ல வட்டமாயின. பிறகு அரம், உப்புத்தாள், கடைசியில் வேட்டி நுனி. தேய்க்கத் தேய்க்க அதன் பளபளப்பில் மேகங்கள் நகர்ந்தன. அந்த வட்டத்தின் வழியே, பனிக்குள்ளிருந்து வெளிவரும் ஓசூர் மலைக்கோயிலைப் பார்த்தபடி நிற்பார். பால் பொங்கி வழிகிறது என்று நான் கத்தினாலும் காதில் விழாது.

நிச்சயத்தன்று சனமெல்லாம் பார்க்க மோதிரத்தைப் போட்டார். நடு மூட்டில் நின்றுவிட்டது. தள்ளினார். அக்கா உதட்டைக் கடித்தார். இரும்புத் தண்டு மேலும் கீழும் ஒரே தடிமன். விரலுக்கு நடுவில் மூட்டு உண்டு என்பதை ஃபிட்டர் மறந்துவிட்டார்.

"சூடு பண்ணா விரியும்" என்று முணுமுணுத்தார் அண்ணன்.

"ஏனப்பா, வெரலையா?" என்றார் பெண்ணின் அப்பா.

சொந்தக்காரர்கள் துண்டை உதறி எழுந்தார்கள். அண்ணனுக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

அக்கா சட்டென்று மோதிரத்தை எடுத்துச் சுண்டுவிரலில் மாட்டினார். தொளதொளவென்று ஆடியது. விழாதபடி கையை இறுக மூடிக்கொண்டார். "அப்பா, போட்டாச்சு. எல்லாரையும் உக்காரச் சொல்லுங்க."

"குடு கிரிஜா, பெருசு பண்ணித் தரேன்" என்று கெஞ்சினார் அண்ணன்.

"தரமாட்டேன், போங்க."

பந்தி முடிந்து எல்லோரும் கிளம்பும் வரை அந்தக் கை திறக்கவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு, கூப்பிட்டது எதுவும் கேட்காமல் அண்ணன் நின்றிருந்தார். அந்த முகம் ஞாபகம் வந்தால் எனக்கு யாரிடமாவது அவரைப் பற்றிப் பேச வேண்டும் போலிருக்கும். இன்றைக்கு நீங்கள் அகப்பட்டீர்கள்.