மாநாட்டில் மாப்பிள்ளை விசாரணை

அந்த மென்பொருள் மாநாடு நடந்த கல்யாண மண்டபம் வில்லியனூரிலா, ஒதியம்பட்டுப் பக்கமா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சிலவற்றை மாற்றிச் சொல்லிவிடவும் கூடும். ஆனால் குருவிநத்தம் நாகராஜன் வாசலிலேயே சந்தேகப்பட்டு நின்றதில் எந்த ஐயமும் இல்லை.

அவருடைய மகள் அர்ச்சனாவுக்குத் தரகர் கொண்டுவந்த வரன், பாகூர் மணிபாரதி. கம்ப்யூட்டர் வேலை. ஜாதகம் பொருந்திவிட்டது. மறுநாள் பதில் சொல்ல வேண்டும். பையன் இங்கே பேசுகிறான் என்று கேள்விப்பட்டு, கரும்புக் கொல்லையை விட்டுவிட்டு ரகசியமாக விசாரிக்க வந்திருந்தார்.

"டிக்கெட் எவ்ளோம்மா?"

"ஃப்ரீதாங்க," என்றாள் வாசல் மேசையில் இருந்த ப்ரீத்தி.

"சாப்பாடு?"

"அதுவும் ஃப்ரீ."

"அப்ப இன்னாதான் விக்கிறீங்க?"

"எதுவும் விக்கலைங்க. நாங்க எழுதுன சாஃப்ட்வேர எல்லாருக்கும் சும்மாவே குடுத்துடுவோம். எப்பிடி எழுதனோம்னும் காட்டிடுவோம்."

சும்மா கொடுத்தவர்களை நாகராஜன் முன்பும் பார்த்திருக்கிறார். ஒருவன் தேர்தலில் நின்றான். இன்னொருவன் சீட்டுக் கம்பெனியைப் பூட்டிவிட்டு ஓடினான்.

"உங்க பேருங்க?"

"வேணு," என்று துணிந்து பொய் சொன்னார். அவள் அதை அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

"இன்னா பண்றீங்க?"

இரண்டாவது பொய் உடனே வரவில்லை. "வெவசாயம்."

அதுதான் வினையாகிப்போயிற்று. "ஆலைக்குக் கரும்பு வெட்டற முறை யாருக்கு எப்ப வருதுன்னு பாக்க மணி அண்ணன் ஒரு ஆப் பண்ணியிருக்காரு. நீங்க முன்னாடி ஒக்காருங்க," என்று முதல் வரிசையில், மேடைக்கு நேரெதிரே உட்காரவைத்துவிட்டாள்.

மணிபாரதி பேசி முடித்தான். ஒரு பெண் எழுந்து, அவன் எழுதியதில் இருந்த தப்புகளை சபை நடுவே வரிசையாகச் சொன்னாள். அவன் கோபப்படாமல் நன்றி சொன்னான். நாகராஜனுக்குச் சந்தேகம் முற்றிவிட்டது. தப்பைச் சொன்னால் நன்றி சொல்லும் ஆம்பளையை அவர் எங்கும் கண்டதில்லை.

"வேணு ஐயா, நீங்களும் கேளுங்க," என்று ப்ரீத்தி மைக்கை நீட்டினாள்.

மறுத்தால் மாட்டிக்கொள்வோம் என்று வாங்கினார். வாங்கிய பிறகு நாக்கு நிற்கவில்லை.

"தம்பி, எல்லாத்தையும் சும்மா குடுத்துட்டா குடும்பம் எப்பிடி நடத்துவ?"

"சம்பளத்துக்குத் தனியா வேலை கீதுங்க. இது ஆசைக்கு."

"தண்ணி கிண்ணி?"

"இல்லைங்க."

"பாண்டிச்சேரில பொறந்துட்டு குடிக்கலையா?"

"இங்க பொறந்ததாலதாங்க பாத்துப் பாத்து வெறுத்துப்போச்சு."

"வூட்ல சமையல் யாரு?"

"மொதல்ல பசிக்கறவங்க."

"காதல் கீதல்?"

"இருந்தா இந்தக் கூட்டம் இன்னேரம் போட்டுக் குடுத்திருக்கும்."

மண்டபம் சிரித்தது. நாகராஜனின் நெஞ்சிலிருந்த கல் இறங்கியது. தங்கமான பையன். சம்மதம் சொல்ல வெளியே வந்து தரகருக்குப் போன் போட்டார். பிஸி. மறுபடியும் போட்டார். மறுபடியும் பிஸி.

"தரகருக்குங்களா? லைன் கெடைக்காது," என்றாள் ப்ரீத்தி. "பின்னாடி ஒக்காந்திருந்த நாலஞ்சு பொண்ணு வூட்டுக்காரங்களும் அவருக்குத்தான் போட்டுக்கினு கீறாங்க. பாவம், விசாரிக்க வந்துட்டு கூச்சத்துல வாயே தொறக்கல. நீங்கதான் எல்லாருக்கும் சேத்துக் கேட்டுக் குடுத்தீங்க."

தை மாதம் மணிபாரதி தவளக்குப்பம் மளிகைக்கடைக்காரர் மகளைக் கட்டிக்கொண்டான். அர்ச்சனாவுக்கு ஆவணியில் கடலூரில் இடம் அமைந்தது. தரகர் இப்போது வருடந்தோறும் மாநாட்டுக்குப் போகிறார். ப்ரீத்தி அவருக்குத் தனியாக ஒரு மேசை போட்டுக் கொடுத்திருக்கிறாள்.