வாய் நிறையக் குண்டூசி

நாய்களில் எத்தனை இனம் உண்டென்று நீங்கள் படித்திருப்பீர்கள். நாயைக் கண்டதும் வாய் திறக்கும் மனித இனம் ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றி யாராவது எழுதினார்களா? நாயில்லா நாய் நிபுணர் என்று அதற்கு நான் பெயர் வைத்திருக்கிறேன். இவர் வீட்டில் நாய் கிடையாது. கேட்டால், சித்தப்பா ஒன்று வளர்த்தார் என்பார், எதிர்வீட்டில் ஒன்று இருந்தது என்பார், சின்ன வயதில் ஒன்று துரத்தியது என்பார். அந்த ஒரே தகுதியோடு உங்கள் நாயைத் தலை சாய்த்துப் பார்த்து, 'த்சொ' என்று ஒரு சத்தம் கொடுத்து, "நீங்க தப்பா வளர்க்கிறீங்க" என்று தொடங்குவார். அதற்குமேல் அவரைக் கட்டிப்போட எந்தச் சங்கிலியும் இல்லை.

இந்த இனத்திடம் அகப்பட்ட ஒரு தையல்காரர் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

வீட்டின் முன்னறைதான் அவர் கடை. ஒரு தையல் மெஷின், ஒரு ஆளுயரக் கண்ணாடி, துணி வெட்டும் மேஜை. மேஜைக்கு அடியில் வெட்டுத் துணிக் குவியலின்மேல் அவர் நாய் வாலு. வாலுவுக்கு வயது ஏழு மாதம். அழைப்பு மணி அடித்தால் போதும், வீடே பற்றிக்கொண்டதுபோல் குரைக்கும். மாடியில் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மா எவ்வளவு நாள்தான் பொறுப்பார்? ஒரு திங்கட்கிழமை இறங்கி வந்தார்.

"சனிக்கிழமை, நீங்க தைக்கிற என் கோட்டைப் போட்டுப் பார்க்க வருவேன். அன்னிக்கும் இது இப்படியே கத்துச்சுன்னா, ஒண்ணு நாயைக் குடுத்துடுங்க, இல்ல வீட்டைக் குடுத்துடுங்க."

தையல்காரரின் மகள் இரண்டாம் வகுப்புக்காரி. வாலுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்போ என்னையும் சேர்த்துக் குடுத்துடுங்கப்பா."

ஐயோ, எந்தத் தகப்பன் நெஞ்சு தாங்கும்! எத்தனையோ முறை விரலில் ஊசி ஏறிய மனிதர்தான். நெஞ்சில் ஏறியது அன்றுதான். அந்தக் கலக்கத்தில்தான் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தார். கடைக்கு வந்தவர்களிடம் யோசனை கேட்டார்.

அளவு எடுக்கும்போதும் மடிப்பைக் குத்தும்போதும் அவர் வாய் நிறையக் குண்டூசி இருக்கும். மறுத்துப் பேச முடியாது, இடைமறிக்க முடியாது, "உம்" மட்டும் சொல்லலாம். இப்படி ஒரு சீடன் கிடைத்தால் நிபுணர் விடுவாரா? நாயின் கண்ணை மட்டும் பார்த்துவிடாதீர்கள், அது சண்டைக்கு அழைப்பு என்றார் வங்கிக் காசாளர். உம். அது தலையைக் குனியும்வரை கண்ணையே முறைத்துப் பாருங்கள் என்றார் உடற்பயிற்சி மாஸ்டர். உம். குரைத்தால் முதுகைக் காட்டித் திரும்பி நில்லுங்கள் என்றார் தபால்காரர். "மூணு நாய்கிட்ட கடி வாங்கியிருக்கேன், எனக்குத் தெரியாதா?" என்று வேறு கேட்டார். யோசித்துப் பார்த்தால், நாய்களுக்குத்தான் அவரை நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஆனால் யோசிக்க யாருக்கு நேரம்?

எல்லாவற்றையும் அளவு நோட்டில் குறித்துக்கொண்டார். மார்பு நாற்பது, கண்ணைப் பார்க்காதே. இடுப்பு முப்பத்தாறு, கண்ணைப் பார். தோள் பதினெட்டு, முதுகைக் காட்டு.

வீட்டுக்குள் மட்டும் ஒற்றுமை வாழ்ந்ததா? மனைவிக்கு அவள் அண்ணன் தொலைபேசியில் சொன்னதே வேதம்: சுட்டுவிரலை உயர்த்தி, கனத்த குரலில் "உட்காரு". மகளுக்கு டீச்சர் சொன்னது: கைதட்டி "சிட்", பத்து தடவை. ஆகவே மணி அடித்ததும் ஒருத்தி விரலை நீட்டுவாள், ஒருத்தி கைதட்டிக் கத்துவாள், குடும்பத்தலைவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பார். வாலு மூவரையும் மாறி மாறிப் பார்க்கும். வீட்டில் எல்லோரும் கத்துகிறார்கள் என்றால் வாசலில் வந்திருப்பது பெரிய ஆபத்தாகத்தான் இருக்கவேண்டும் என்று, முன்னைவிட இரண்டு பங்கு குரைக்கும்.

சனிக்கிழமை விடிந்தது. நாய்ப் பயிற்சியில் வாரம் போனதே தவிர கோட்டு முடியவில்லை. கணவனும் மனைவியும் கோட்டைத் தையல் பொம்மைமேல் மாட்டி, ஆளுக்கொரு பக்கம் மண்டியிட்டு, வாய் நிறையக் குண்டூசியோடு கீழ்மடிப்பைக் குத்திக்கொண்டிருந்தார்கள். மகள் வாரம் முழுக்க "சிட், சிட்" என்று கத்தித் தொண்டை கட்டி, காற்று மட்டும் வர, கைதட்டவும் மனமில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

மணி அடித்தது.

வாலு பாய்ந்து எழுந்து ஒருமுறை குரைத்தது. திரும்பிப் பார்த்தது. விரல் இல்லை. கைதட்டல் இல்லை. யாரும் சுவரைப் பார்க்கவில்லை. இன்னொரு முறை, பாதிக் குரலில் குரைத்துப் பார்த்தது. துணைக்கு ஆளில்லாமல் எவ்வளவு நேரம்தான் தனியாகக் கத்துவது? கொட்டாவி விட்டுவிட்டுத் துணிக் குவியலில் போய்ச் சுருண்டுகொண்டது.

வீட்டுக்கார அம்மா உள்ளே வந்து மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"பரவாயில்லையே, திருந்திடுச்சு. இருக்கட்டும், பிள்ளை ஆசைப்படுது. ஆனா நீங்க சாப்பாடு போடுற நேரம் தப்பு."

கோட்டைப் போட்டுக் கழற்றும்வரை அந்த நேரத்தைப் பற்றித்தான் பேசினார். தையல்காரர் உம் கொட்டினார். மகள் மேஜைக்கு அடியில் தவழ்ந்துபோய் வாலுவின் காதில் குரலே இல்லாமல் ஏதோ சொன்னாள். குறட்டை வந்தது.

அடுத்த வாரம் ஒருவர் கால்சட்டை தைக்க வந்தார். கைப்பையிலிருந்து ஒரு குட்டி நாய் எட்டிப் பார்த்துக் 'கீங்' என்றது. தையல்காரர் வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசிமெத்தையில் குத்தினார். தலையைச் சாய்த்தார். 'த்சொ' என்றார்.

"நீங்க தப்பா வளர்க்கிறீங்க."

சிரிக்கிறீர்களா? இதைப் படிக்கும்போதே, 'மணி அடிக்கும்போது அந்த நாயைப் பின்னறைக்குக் கூட்டிப்போயிருந்தால்...' என்று ஒரு யோசனை உங்கள் நாக்கு நுனிவரை வந்ததா இல்லையா? உண்மையைச் சொல்லுங்கள், உங்கள் வீட்டில் நாய் இருக்கிறதா?

குண்டூசி டப்பா மேஜைமேல்தான் இருக்கிறது. கூச்சப்படாமல் வாய் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள்.