கொரிந்துக் குதிரையும் மீன்குழம்புப் புளியும்

பிள்ளைகளின் படிப்புக்குப் பெற்றோர் செய்யக்கூடிய ஆகப் பெரிய உதவி, கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது. இதை நான் கற்றுக்கொள்ள ஒரு கிரேக்கக் குதிரையின் பின்பக்கம் தேய வேண்டியிருந்தது.

மகள் ஜெபா தொல்லியல் படிக்கிறாள். (டாக்டருக்குப் படி என்றேன். செத்தவர்களோடுதான் எனக்கு ஒத்துப்போகும் என்றாள்.) பழங்காசு ஆராய்ச்சிக்கு ஒரே ஓர் இடம். அது யாருக்கு என்று முடிவுசெய்ய அவளுடைய பேராசிரியர் தன் சேகரிப்பிலிருந்து ஆளுக்கொரு காசைக் கொடுத்து, எந்த ஊர், என்ன வகை, எடை சரியா என்று திங்கட்கிழமை வந்து சொல்லச் சொன்னார். அந்த இடத்தைத் தவிர அவள் வேறெதற்கும் ஆசைப்பட்டதில்லை.

கொட்டாரம் ஊரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்த வெள்ளிக்காசு பஞ்சுமெத்தையில் படுத்திருந்தது. ஒரு பக்கம் இறக்கை முளைத்த குதிரை. மறுபக்கம் தலைக்கவசம் போட்ட பெண். இரண்டும் கரிப்பிடித்த சட்டி மாதிரி கறுப்பு.

"குதிரைக்க வயித்துக்குக் கீழ பாருங்கப்பா. வட்டத்துக்கு வால் வச்ச மாதிரி ஒரு எழுத்து. கொரிந்து ஊருக்க அடையாளம். வேற ஊர்க்காரனும் இதே குதிரைய அடிச்சான். ஆனா எழுத்து மாறும்."

"ஞாயிறுப் பள்ளியில பைபிள்ல வாசிச்ச கொரிந்தா?"

"அதேதான். ஆனா எடை இடிக்கு. கொரிந்துக் காசு எட்டரை கிராமுக்குக் கொஞ்சம் கூட இருக்கணும். ஏதென்ஸ்காரனுக்கு வேற கணக்கு, ஈஜினாக்காரனுக்கு வேற கணக்கு. இது ஏழு கிராம்கூட வரமாட்டேங்கு."

"ஒரு பவன் தங்கத்துக்கே கொறையுதே மக்களே. சேதாரம் போட்டிருப்பான்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

மறுநாள் ஞாயிறு. மனைவி செல்வியும் ஜெபாவும் ஆராதனைக்குப் போனார்கள். நான் முட்டுவலி என்று வீட்டிலேயே இருந்துகொண்டேன். (அந்த வலியை அனுப்பியது யார் என்று இப்போது தெரிகிறது.) தனியாக இருந்தால் என் மூளை நல்லதை நினைக்காது. கறுப்புக்கு அடியில் வேறு எழுத்து இருந்துவிட்டால்? மகள் தப்பாகச் சொல்லி இடம் போய்விட்டால்? கறுத்த வெண்கல உருளியைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கிறதே, காசும் உலோகம்தானே? (நான் பட்டதாரி.)

அடுக்களையில் புளி ஊறிக்கொண்டிருந்தது. தேங்காய் நாரும் கிடைத்தது. தேய்த்தேன். குதிரை மின்னியது. உற்சாகத்தில் இன்னும் அழுத்தித் தேய்த்தேன். குதிரையின் பின்தொடையில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. கையில் நார் கீறிவிட்டது என்று விரலைக் கழுவினேன். விரலில் காயமே இல்லை. சிவந்திருந்தது குதிரைதான்.

செல்வி கடற்கரைக் குளச்சல்காரி; மீன்குழம்பு இல்லாமல் அவளுக்கு ஒரு நாளும் சோறு இறங்காது. வந்ததும் அடுக்களையிலிருந்து குரல் கேட்டது.

"இங்கேருங்க, மீனுக்கு ஊறப்போட்ட புளி எங்க?"

"சும்மா... கை கழுவினேன்."

"கை கழுவவா? அரைக் கிண்ணம் புளியிலயா?"

ஜெபா மேசையில் மின்னிய காசைப் பார்த்தாள். பிறகு என் நகங்களைப் பார்த்தாள்.

"எப்பா... சாருக்க காசையா?"

அவள் கத்தவில்லை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். பிறகு ஸ்பீக்கரைப் போட்டுப் பேராசிரியரை அழைத்தாள்.

"சார், எங்கப்பா காசப் புளி போட்டுத் தேய்ச்சிட்டாவ."

பேராசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உள்ளே சிவப்பாத் தெரியுதா?"

"ஆமா சார். செம்பு. மேல வெள்ளித் தகடு மட்டும்தான். அந்தக் காலத்துக் கள்ளக்காசு. எடை கொறஞ்சதால அப்படித்தான் இருக்கும்னு நேத்தே உங்களுக்கு மெயில் போட்டேம்லா?"

"படிச்சேன். அதைக் கண்டுபிடிக்கத்தான் கொடுத்தேன். ஆனா எடையை வெச்சும்மா. புளியை வெச்சு இல்ல."

இடம் அவளுக்கே கிடைத்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது: காசுகளை வைத்திருக்கும் அறையின் வாசலில்கூட அவளுடைய அப்பாவைப் பார்க்கக் கூடாது. இரண்டாயிரம் வருடங்களுக்கு மேல் ஊரை ஏமாற்றிய ஒரு திருடனைக் கால் மணி நேரத்தில் பிடித்துக் கொடுத்தவனுக்கு இதுதான் மரியாதை. அந்தக் குதிரையைப் பேராசிரியர் புதிதாகச் சேரும் மாணவர்களுக்கெல்லாம் காட்டி, 'இப்படிச் செய்யாதீர்கள்' என்கிறாராம். எனக்கோ வீட்டில் புளி கரைக்கும் வாசம் வந்தால் இன்றும் கையைக் கட்டிக்கொள்கிறேன். (குளச்சல்காரியைக் கட்டியவன் தினமும் கையையும் கட்ட வேண்டியதுதான்.)

போன மாதம் ஒரு வரன் வந்தது. பையன் வளைகுடாவில் இன்ஜினியர். போட்டோவில் பளபளவென்று இருந்தான். செல்விக்கு வாயெல்லாம் பல். ஜெபா போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அம்மாவிடமே நீட்டினாள்.

"மொதல்ல அப்பாட்ட குடும்மா. புளி போட்டுத் தேய்ச்சுப் பாக்கட்டும்."

செல்வி எழுந்து போய்ப் புளிக் கிண்ணத்தை எடுத்து, எனக்கு எட்டாத மேல்தட்டில் வைத்தாள்.