காலி வீதியில் விரித்த சீலை

சிவமயம்

வெள்ளவத்தை,
ஆடி 2022.

என்றும் என் வணக்கத்துக்குரிய மாமி அன்னபாக்கியம் அவர்கட்கு,

மருமகள் கௌரி எழுதிக்கொள்வது. இவ்விடம் நாங்கள் நலமாயிருப்பதாகத்தான் கடிதத்தில் எழுத வேண்டும், அப்படியே எழுதுகிறேன். சுன்னாகத்தில் தாங்களும் தங்கள் முழங்காலும் சுகமாயிருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். கடந்த செவ்வாய்க்கிழமையிலிருந்து எங்கள் தொலைபேசி அழைப்பு ஒன்றையும் தாங்கள் எடுக்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும். அந்தப் படம் யாழ்ப்பாணம் வரைக்கும் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். "நடுவீதியில் தமிழ்ப் பெண்ணின் சேலையைப் பறிக்கும் பொலிஸ்" என்று தலைப்பும் போட்டிருக்கிறார்கள். சீலையின் ஒரு நுனியில் பொலிஸ்காரன். மறு நுனியில் தங்கள் மருமகள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மாமி, படத்தை வடிவாகப் பாருங்கள். நான் முழு உடுப்போடுதான் நிற்கிறேன். தங்கள் மகனுடைய காற்சட்டையும் ரீசேட்டும். அவன் ஒன்றையும் பறிக்கவில்லை. பிடிக்கச் சொன்னது நான்தான்.

எங்கள் இன்சூரன்ஸ் கந்தோரில் முன்மேசையில் இருக்கிற பெண்கள் சீலைதான் உடுக்க வேண்டும், அதுவும் கசங்காமல். அதைக் கவனிக்கிறதுக்கென்றே நஸீறா மேடம் இருக்கிறா. பெற்றோல் இல்லாமல் கார் நின்றபிறகு பஸ்ஸில் போய்ப் பார்த்தேன், மிதிபலகையில் தொங்குகிற சனத்துக்குள்ளால் இறங்கினபோது சீலையின் பாதி பஸ்ஸுக்குள்ளேயே நின்றது. சரி, சின்னனில் சுன்னாகச் சந்தைக்கு உழக்கின கால்தானே என்று சைக்கிள் ஒன்றை வாங்கினோம். நீலச் சீலையோடு ஏறினால் பம்பலப்பிட்டியில் சங்கிலி கரையைக் கவ்விப்போட்டுது. அடுத்தநாள் மடிச்சுப் பையில் கொண்டுபோய் அங்கை உடுத்தால் முதுகிலை நாலு சதுரம், நில அளவைப் படம் மாதிரி. நஸீறா மேடம் எல்லாருக்கும் முன்னாலை கேட்டா, "என்ன கௌரி, சீலையோட படுத்தெழும்பி வந்தீங்களா?" எண்டு. படம் எடுபட்ட அந்தச் செவ்வாய்க்கிழமைதான் என்னை நிரந்தரமாக்கிற நேர்முகப் பரீட்சை. நாலு வருசமா ஒப்பந்தத்திலை இருக்கிறன் மாமி. இந்தமுறை விட்டால் ஆக்களைக் குறைக்கிற பட்டியலிலை என்ரை பேர்தான் முதல் எண்டு கந்தோர் முழுக்கக் கதை.

அப்பதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. ஷரீப் நானாவின்ரை புடவைக்கடையிலை துணியெல்லாம் நீட்டுக் கடதாசிக் குழாயிலை சுத்தித்தானே வைச்சிருக்கினம், அதிலை ஒரு கோடு விழுறதில்லையே! கேட்டவுடனை ஒரு வெறுங்குழாய் தந்தார். சுருக்கம் போக மினுக்கிறதுக்குக் கறண்ட் இல்லை, கீழ்வீட்டு பிறிஜெற் அக்கா தன்ரை அம்மா கொட்டாஞ்சேனையிலை பாவிச்ச கரிப்பெட்டியைத் தந்தா. சிரட்டைக் கரி போட்டு, விசிறி, கை சுட்டு, விடியக்காலமை அந்த நீலச் சீலையை மினுக்கிக் குழாயிலை சுத்தினன். மழை வந்தாலும் எண்டு மேலாலை கறுத்தப் பொலித்தீன். அதை முதுகிலை குறுக்காக் கட்டிக்கொண்டு சைக்கிளிலை வெளிக்கிட்டன். உங்கடை மகன் பெற்றோல் கியூவிலை, அவர் பார்த்திருந்தால் அந்தக் கோலத்திலை என்னை விட்டிருக்கமாட்டார்.

கொள்ளுப்பிட்டி தாண்டக் கம்பித் தடை போட்டுக் கிடந்தது. ஆர்ப்பாட்டக் காலம்தானே, பொலிசும் ஆமியும். ஒரு பொலிஸ்காரன் கையைக் காட்டினான். "மேக்க மொக்கத?" இது என்ன எண்டு கேக்கிறான். மாமி, எங்களுக்குச் செக்பொயின்ற் புதிசில்லை. ஆனால் முதுகிலை கறுத்த நீட்டுக் குழாயோடை நான் ஒருநாளும் நிண்டதில்லை. சீலை எண்டு சொல்ல வாயெடுத்தால் சிங்களம் முழுக்க மறந்துபோச்சு. அடையாள அட்டையை வாங்கினான், பிறந்த இடம் பார்த்தான், "யாப்பனெத?" எண்டான். யாழ்ப்பாணமோ எண்டு. ஓம் எண்டு தலையாட்டினன். பின்னாலை நிண்ட ஆமிக்காரர் இரண்டு பேர் கிட்ட வந்தினம், ஒருத்தன் துவக்கை மற்றக் கைக்கு மாத்தினான். நேரம் வேறை போகுது. "அவிழ்" எண்டு சைகை காட்டுறான். அவிழ்த்தால் ஆறு யாரும் தார் றோட்டிலைதானே விழும்! அந்தப் பயத்துக்குள்ளையும் எனக்கு வந்த கோபத்தைப் பாருங்கோ, நுனியை அவன்ரை கையிலை திணிச்சு, "அல்லன்ன மஹத்தயா!" எண்டு கத்திப்போட்டன். பிடியுங்கோ ஐயா எண்டு. அவனும் பிடிச்சுட்டான். சின்னப் பெடியன்தான். நான் குழாயை உருட்டிக்கொண்டு பின்னுக்குப் போக, அவன் சீலை நிலத்திலை முட்டாமல் கையை நெஞ்சுக்கு மேலை தூக்கிக்கொண்டு நிண்டான். கடல் காத்து வந்து ஊதிச்சுது. பக்கத்திலை பெற்றோல் கியூ, வேலைவெட்டியில்லாமல் நிண்ட நூறு பேரும் போனைத் தூக்கினாங்கள். பெடியன் வெறுங்குழாய்க்குள்ளை கண்ணை வைச்சுப் பார்த்தான். மற்றப் பக்கத்தாலை கடல்தான் தெரிஞ்சிருக்கும். பிறகு சிரிச்சான். நான் சிரிக்கேல்லை, அழுகைதான் வந்தது. இரண்டு பேருமாய்த் திருப்பிச் சுத்தினம்.

கந்தோர்க் கழிவறையிலை உடுத்துக்கொண்டு உள்ளை போறன், எனக்கு முன்னாலை அந்தப் படம் அங்கை போய்ச் சேர்ந்திட்டுது! மூண்டு பேர் இருக்கினம், ஒராள் நஸீறா மேடம். நடுவிலை இருந்த பெரியவர் போனைத் திருப்பிக் காட்டி, "இது நீங்களோ?" எண்டார். ஓம் எண்டன். "பொலிசிலை முறைப்பாடு, பேப்பர், அது இது எண்டு கம்பனிக்கு ஏதும் பிரச்சினை வருமோ?" ஓம் எண்டாலும் பிழை, இல்லை எண்டாலும் ஆர் நம்பப்போகினம்? "அந்தப் பெடியன் பறிக்கேல்லை சேர்," எண்டன். "என்ரை சீலை றோட்டிலை படக்கூடாது எண்டு பிடிச்சவன். அவன்ரை வேலைக்கு ஏதும் வந்தால் நான் போய்ச் சொல்லுவன்." நஸீறா மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழும்பி வந்தா. "திரும்புங்க," எண்டா. திரும்பினன். சைக்கிள் சங்கிலியாலை கிறீஸ் பட்ட இடத்தைக் கொய்யக மடிப்புக்குள்ளை ஒளிச்சிருந்தன், அது தெரிஞ்சிடுமோ எண்டு மூச்சை அடக்கிக்கொண்டு நிண்டன். "றோட்டுல விரிச்ச சீலைண்டு சொல்ல ஏலாது. ஒரு சுருக்கம் இல்ல," எண்டுட்டுப் போய் இருந்து ஏதோ எழுதினா. வியாழக்கிழமை கடிதம் வந்தது. நிரந்தரம், மாமி!

நடந்தது இவ்வளவும்தான். உங்கடை மகனுக்கு நான் ஒரு மானக்கேடும் செய்யேல்லை. கோபத்தை விட்டுட்டு ஒருக்கா ரெலிபோனை எடுங்கோ, உங்கடை குரல் கேளாமல் இவர் சாப்பாட்டையும் பிசைஞ்சபடி இருக்கிறார். இக்கடிதத்தை இன்று பின்னேர பஸ்ஸில் யாழ்ப்பாணம் வரும் மேல்வீட்டு நமசிவாயம் அண்ணையிடம் கொடுத்துவிடுகிறேன். தங்கள் ஆசீர்வாதம் எங்கள் இருவருக்கும், கடவுள் மனம் வைத்தால் என் சைக்கிளுக்கும் வேண்டும்.

தங்கள் பாதம் பணியும் மருமகள்,
கௌரி

பி.கு: மாமி, இப்பதான் உங்கடை தங்கச்சி இவருக்கு ரெலிபோனிலை கிடைச்சவ. செவ்வாய்க்கிழமை மாமாவின்ரை திவசமாம். ஐயர் வந்து போய், சமைச்சதெல்லாம் ஆறி, மகன் கதைப்பான் எண்டு நீங்கள் பின்னேரம் வரைக்கும் சாப்பிடாமல் இருந்தனீங்களாம். அதுதான் கோபமாம். படத்தைப் பற்றி உங்களுக்கு ஒண்டுமே தெரியாதாம், உங்கடை போனிலை படமும் வராதாம். இவர் தலையிலை கையை வைச்சுக்கொண்டு இருக்கிறார். நமசிவாயம் அண்ணை பையோடை வாசலிலை நிக்கிறார், திருப்பி எழுத நேரமில்லை. எங்களை மன்னிச்சுக்கொள்ளுங்கோ மாமி. மேலை எழுதினது ஒண்டையும் வாசிக்காதேங்கோ. ஆராவது ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினால், அது நானில்லை.