ஒழுகாத குளியலறையில் ஓர் உடைந்த தேங்காய்

ஒரு காட்டில் மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்று இருந்தது. காடு என்றால் மரம் எங்கே என்று கேட்காதீர்கள். அதை வெட்டித்தான் இதைக் கட்டினார்கள். இரண்டாம் மாடியில் குடியிருந்த கரடி பரமானந்தம்தான் குடியிருப்போர் சங்கத் தலைவர்.

நீர்க்கசிவு என்றால் தலைவருக்கு ஆகவே ஆகாது. போன மழைக்காலத்தில் நரி வீட்டுக் குளியலறை ஒழுகி, கீழே மான் வீட்டுச் சுவர் ஊறிப்போனது. உடனே கூட்டம் போட்டு, எவர் குளியலறை கீழ்வீட்டில் ஒழுகுகிறதோ அவர் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றினார். நரி மூட்டை முடிச்சோடு இறங்கும்போது வாசல்வரை கூடவே போய், தண்ணீரைத் தடுப்பது டைல்ஸ் அல்ல, அதற்கு அடியில் இருக்கும் பூச்சு என்று வகுப்பெடுத்தார்.

அப்பேர்ப்பட்டவர் தன் வீட்டில் குளியல் தொட்டி வைக்கிறார் என்றால் சும்மாவா. குளவி மேஸ்திரி வேலாண்டி வந்து, தண்ணீர் ஓடத் தளத்துக்கு வடிகால் பக்கம் சரிவாக வாட்டம் கொடுத்து, மூலைகளில் வலைத்துணி ஒட்டி, நீர்த்தடுப்புப் பூச்சை இரண்டு கோட் அடித்தார். வடிகாலை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் கட்டிப் பார்த்தார்கள். கீழ்வீட்டில் பொட்டு ஈரமில்லை. காடே திரண்டு வந்து அந்தப் பூச்சைப் பார்த்து வாயைப் பிளந்தது. இத்தனை பேர் கண் பட்டால் என்ன ஆகும் என்று பரமானந்தம் திருஷ்டி கழிக்க ஒரு தேங்காய் வாங்கி வந்தார்.

மேஸ்திரி டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, தேங்காயில் சூடம் ஏற்றி மூன்று சுற்றுச் சுற்றி, அந்தப் பூச்சின் மேலேயே ஓங்கி உடைத்தார். கரடிக் கை அல்லவா. தேங்காயோடு பூச்சும் கிழிந்து, தளமும் விரல் நீளத்துக்கு விரிசல் விட்டது.

மேஸ்திரியிடம் சொல்லியிருந்தால் அரை மணியில் ஒட்டுப் போட்டிருப்பார். ஆனால் ஊருக்கே வகுப்பெடுத்த வாய்க்கு அது வரவில்லை. சில்லுகளைப் பொறுக்கிவிட்டு, கிழிசலின் மேல் கொஞ்சம் சிமெண்ட் பாலை ஊற்றி மூடினார். (இதை எழுதுகிறவர் வீட்டுக் குளியலறையும் ஒழுகுகிறது. காரணத்தை அவர் இன்னும் தன் மனைவியிடம் சொல்லவில்லை.)

"யாரும் மிதிக்கலியே அண்ணாச்சி?" என்று மேஸ்திரி திரும்பி வந்து கேட்டார்.

"நான் இருக்கும்போது எவன்யா மிதிப்பான்?" என்றார் பரமானந்தம். டைல்ஸ் ஏறியது.

தொட்டி நிரப்பிக் குளித்த மறுநாளே, கீழ்வீட்டுத் தவளை செண்பகவல்லி படியேறி வந்தார். கூரையில் தண்ணீர் சொட்டுகிறது என்றார். பரமானந்தத்துக்கு வீடு போவதுகூடப் பெரிதில்லை. நரி வாசலில் வந்து நின்று வகுப்பெடுக்குமே, அதைத்தான் தாங்க முடியாது.

"யார்கிட்டயும் சொல்லிராதம்மா. இன்னைக்கே ஒடச்சுச் சரி பண்ணிடறேன்" என்று கும்பிட்டார்.

"சரி பண்ணினாத்தான் சொல்லுவேன்" என்றார் செண்பகவல்லி.

இருபத்திரண்டு பிள்ளைகளையும் செம்பில் தண்ணீர் எடுத்து நனைத்தே அவர் தோள்பட்டை போய்விட்டதாம். இப்போது கூடத்திலேயே மழை. பிள்ளைகள் சொட்டுக்கு அடியில் குதித்துக்கொண்டிருக்கின்றன. ஆகவே தலைவர் காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு தடவை தவறாமல் குளித்துவிட வேண்டும்.

கரடிகளுக்கு வருஷத்தில் இரண்டு குளியலே அதிகம். அந்தத் தொட்டியே நாலு பேர் பார்க்கட்டும் என்று வைத்ததுதான். மார்கழிக் குளிரில் பரமானந்தம் அன்றைய மூன்றாவது குளியலை முடித்து, தும்மிக்கொண்டே துண்டை எடுத்தார். கீழேயிருந்து குரல் வந்தது.

"தலைவரே, கடைக்குட்டி இன்னும் நனையல. இன்னொரு ரெண்டு வாளி ஊத்திக்கிடுங்க."

நீதி: மாடியில் வீடு வாங்குகிறவர்கள் பத்திரத்தைப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை; கீழ்வீட்டில் இருப்பது தவளையா என்று மட்டும் பார்த்துக்கொள்ளவும்.